தியாகதுர்கத்துச் சிப்பாய்க்கு ஏழரைத் தலை உயரம்

"அக்கா, சின்ன சைஸ்ல பட்டாளத்து ஆளுங்க உருவம் செய்யணும். முதல்ல எந்த கிட் வாங்கட்டும்?" பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் தம்பி தங்கச்சிங்க கேட்கிற முதல் கேள்வி இது. என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: கிட் அப்புறம், முதல்ல ஆளைப் பாரு. யாரைச் செய்யப் போறோம்னு தெரியாம பெட்டியைப் பிரிச்சா, பாதி ஒட்டின கையும் காலுமா அது பரணுக்குத்தான் போகும்.

கள்ளக்குறிச்சியில இருக்கிறவங்க அந்த ஆளைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். உளுந்தூர்பேட்டை ரோட்டுல பஸ் போகும்போது தியாகதுர்கம் மலையைப் பார்த்திருப்பே. 1790 கடைசியில திப்பு சுல்தான் படை அந்த மலைக்கோட்டையைப் பிடிக்க வந்தது. உள்ளே கிழக்கிந்திய கம்பெனிப் படைக்குத் தலைமை கேப்டன் ஃபிளின்ட். பத்து வருஷம் முன்னால வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலி படை கையில விடாம காத்தவர் அவர்தான். தியாகதுர்கமும் விழலை, திப்பு திருவண்ணாமலைப் பக்கம் திரும்பிட்டார். வரலாற்றுப் புத்தகத்துல ஃபிளின்ட் பேர் இருக்கு. சுவர்மேல வெயில்ல நின்ன சிப்பாயோட பேர் இல்லை. கம்பெனியோட சென்னைப் படையில தமிழும் தெலுங்கும் பேசின ஆளுங்க, இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தாங்க. அதுல ஒருத்தரை நாம செய்வோம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு ஆளைப் பத்தினதுதான்.

முதல்ல அளவு. கடையில 1/35, 1/72, 54 மி.மீ., 75 மி.மீ.னு எழுதியிருக்கும். 1/35-ன்னா நிஜ ஆளை 35-ஆல வகுத்த உயரம். அஞ்சரை அடி ஆள், அதாவது 168 சென்டிமீட்டர், 1/35-ல 4.8 செ.மீ. வருவார், 1/72-ல 2.3 செ.மீ.தான். இந்த 35 என்கிற எண்ணுக்குப் பின்னால பெரிய கணக்கு எதுவும் இல்லை. 1960-களின் தொடக்கத்துல ஜப்பானோட டாமியா கம்பெனி ஓடுற டாங்கி பொம்மை செஞ்சப்போ, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உட்காரணும்னு உடம்பை அந்த அளவுக்கு வெச்சாங்க. அதுக்கு ஏத்த மாதிரி சிப்பாய்களும் வந்தாங்க, உலகமே பின்னால வந்தது. 54 மி.மீ. அதைவிடப் பழசு. இங்கிலாந்துல வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893-லேர்ந்து உள்கூடான ஈயச் சிப்பாய்களை வார்த்த அளவு அது.

நீ 75 மி.மீ. எடு. காரணம் சொல்றேன். மனுஷ உடம்பு ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். 75 மி.மீ. ஆளுக்குத் தலை சரியா ஒரு சென்டிமீட்டர். அடி ஸ்கேலை வெச்சே முழு உடம்பையும் பிரிச்சிடலாம்: முகவாய் மேலேர்ந்து ஒரு செ.மீ., மார்புக்காம்பு ரெண்டு, தொப்புள் மூணு, தொடை பிரியுற இடம் நாலுக்குக் கொஞ்சம் முன்னால. நம்ம சிற்பிகளும் முகத்தை அளவாக வெச்சுத்தான் சிலையைப் பிரிக்கிறாங்க. தாலம்னு அதுக்குப் பேர். உத்தம தச தாலம்னா உருவம் மொத்தம் 124 அங்குலம், அந்த அங்குலமும் அந்தச் சிலையிலேர்ந்தே பிறக்கிற அங்குலம். ஆனா அது சாமிக்கான அளவு. சிப்பாய்க்கு அந்தக் கணக்கைப் போட்டா உடம்பு நீண்டு, முகம் சின்னதாகி, ஆள் மண்ணை விட்டு எழும்பிடுவார். ஏழரையை விடாதே.

சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது உனக்குத் தெரியும். அந்தப் பட்டறை ஒண்ணுல அரைநாள் உட்கார்ந்து பார். உளியும் கொட்டாப்புளியும் எடுக்குறதுக்கு முன்னால கட்டை மேல நடுக்கோடு போடுவாங்க. தலை உச்சியிலேர்ந்து இறங்குற இந்தக் கோட்டுக்குச் சிற்ப சாஸ்திரத்துல பிரம்ம சூத்திரம்னு பேர். இந்த ஒரு கோடுதான் உன் வேலையில பாதி. ரெண்டு கால்லயும் சரிபாதி எடை போட்டு விறைப்பா நிக்கிறது சமபங்கம். அட்டென்ஷன்ல நிக்கிற சிப்பாய் அதுதான். ஒரு கால்ல எடையைப் போட்டு, மறு முழங்காலைத் தளர்த்தி நிக்கிறது ஆபங்கம். நாள் முழுக்கக் காவல் நின்னவர் ஆபங்கத்துலதான் நிப்பார். அப்போ எடை தாங்குற பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும், தொண்டைக்குழியிலேர்ந்து நூல் தொங்கவிட்டா அது எடை தாங்குற காலோட குதிகால்மேல விழும். நம்ப முடியலைன்னா வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பார். விற்பனைக்கு வர்ற உருவங்கள்லயே இதுல தப்பு இருக்கும். நல்லா வண்ணம் பூசியிருந்தாலும் விழப்போற மாதிரி தெரியுறது அதனாலதான்.

கிட் வாங்கினா வேலை சுருக்கம். பாகங்களைச் சோப்புத் தண்ணியில கழுவிக் காய வை, அச்சுல தடவின எண்ணெய் போகணும். நகவெட்டியால நறுக்கு. அச்சு சேர்ந்த இடத்துல மயிரிழை மாதிரி ஓடுற கோட்டை பிளேடோட முதுகுப் பக்கத்தால சுரண்டு. இதை விட்டுட்டா வண்ணம் அடிச்சதும் மூக்கு நடுவுல கோடு தெரியும். ரெசின் உருவம்னா தண்ணியில நனைச்சுத்தான் தேய்க்கணும், முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோக உருவத்துல ஈயம் இருக்கும், தொட்டா கை கழுவாம சாப்பாட்டுல கை வைக்காதே.

ஆனா நம்ம தியாகதுர்கத்துச் சிப்பாய் பெட்டியில வந்து நான் பார்த்ததில்லை. அதனால கையால செய்யலாம். சென்ட்ரிங் வேலைக்கு வாங்குற கட்டுக்கம்பியை மடிச்சு எலும்புக்கூடு கட்டு. காலுக்கு வர்ற கம்பியைப் பாதத்துக்குக் கீழே ரெண்டு செ.மீ. அதிகமா விட்டு, ஒரு மரக்கட்டையில செருகிக்க. கடைசி வரைக்கும் உருவத்தைத் தொடாம கட்டையைத்தான் பிடிக்கணும். மேலே சதைக்கு ஹார்டுவேர் கடையில கிடைக்கிற எம்-சீல் போதும். ரெண்டு கலவையையும் சரிபாதி எடுத்து, ஒரே நிறம் வர்ற வரைக்கும் பிசை. கையுறை போடு, தோலுக்கு ஒத்துக்காது. சீக்கிரம் இறுகுற பொருள், அதனால சுண்டைக்காய் அளவுக்கு மேல கலக்காதே. ஒரே நாள்ல முழு உடம்பையும் முடிக்க நினைக்காதே. இன்னிக்கு நெஞ்சுக்கூடும் இடுப்பும், நாளைக்குக் கால். இறுகின பாகத்தைப் பிடிச்சுக்கிட்டு அடுத்ததைச் செய்யலாம், கைரேகை விழாது. கருவிக்குக் காசு செலவழிக்காதே: தையல் ஊசியை மூங்கில் குச்சியில செருகினது ஒண்ணு, பல்குத்தி ஒண்ணு, தண்ணி தொட்ட பழைய பிரஷ் ஒண்ணு.

உடையைத் தனியா மேலே போர்த்து. அந்தக் காலத்துச் சென்னைச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலயே நிக்கிற வெள்ளை அரைக்கால் சட்டை, காலுறை இல்லாத கால், செருப்பு, தலையில பாகை. கோட்டு ஐரோப்பா, கால் நம்ம ஊர். குறுக்குப் பட்டைக்கு மாத்திரை அட்டையோட பின்பக்க அலுமினியத் தாளை வெட்டிக்க. பாகைக்கு நிஜத் துணியை வைக்காதே. எவ்வளவு மெல்லிசு வேட்டியா இருந்தாலும் அந்த அளவுல நெசவு சாக்கு மாதிரி தெரியும். டிஷ்யூ தாளைத் தண்ணி கலந்த ஃபெவிகாலில் நனைச்சு முறுக்கிச் சுத்து, மடிப்பு அப்படியே வரும்.

துப்பாக்கியிலதான் எல்லாரும் சறுக்குறாங்க, ஆளை விட ஆயுதம் தடிச்சுப் போயிடும். கம்பெனிப் படைக்கு அந்தக் காலத்துல வர ஆரம்பிச்ச மஸ்கட் துப்பாக்கி சுமார் 140 செ.மீ. நீளம். உன் அளவுல அது 6¼ செ.மீ. தரையில ஊன்றி நிறுத்தினா முனை தோளைத் தாண்டி, முகவாய்க்குச் சத்தே கீழே நிக்கணும். தாண்டினா வெட்டு.

இப்போ பாகை பத்தி நின்னு சொல்லியாகணும். 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னால வேலூர்க் கோட்டையில சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததுக்கு ஒரு பெரிய காரணம் உடுப்பு. சீருடையில இருக்கும்போது நெற்றியில சமயக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கணும், தோல் சின்னம் வெச்ச புது வட்டத் தலைப்பாகையைப் போடணும்னு வந்த உத்தரவு அவங்களைக் கொதிக்க வெச்சது. அந்த ஆளுங்க உயிரைக் கொடுத்தது ஒரு நெற்றிக்கோட்டுக்காகவும் ஒரு கடுக்கனுக்காகவும்கூடத்தான். நம்ம சிப்பாய் 1790-ல நிக்கிறவர், அந்த உத்தரவு வர்றதுக்கு முன்னால. அவர் நெற்றியில திருநீறோ திருமண்ணோ இருக்கலாம், காதுல கடுக்கன் இருக்கலாம். மின்வயருக்குள்ள இருக்கிற மெல்லிசுச் செப்பு இழை ஒண்ணை ஊசியில சுத்தி வெட்டினா கடுக்கன் ரெடி. ஒரு மில்லிமீட்டர் வேலைதான். அதைச் செய்யாம விடாதே. சென்னை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனா கம்பெனிக் கால ஆயுதங்களையும் உடுப்புகளையும் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னு பார்க்கலாம். நோட்டுல நிறத்தைக் குறிச்சுக்கிட்டு வா, போட்டோவுல நிறம் மாறிடும்.

வண்ணம் பூசுறதுல கண்ணைப் பத்தி ஒரு சந்தேகம் வரும். நம்ம வழக்கத்துல சிலைக்குக் கண் திறப்பு கடைசி. ஊர் எல்லையில அய்யனாருக்கும் வீரனுக்கும் அப்படித்தான். இந்த அளவு உருவத்துக்கு நான் கண்ணை முதல்ல வரையச் சொல்றேன். காரணம் கை வசதி மட்டும்தான்: கண் சிதறினா சுத்தித் தோல் நிறத்தை வெச்சு வெட்டித் திருத்தலாம், முகம் முழுக்க முடிச்சப்புறம் சிதறினா மொத்தமும் போச்சு. வெள்ளையைச் சுத்த வெள்ளையா வைக்காதே, கொஞ்சம் காவி கலந்த மங்கல் வெள்ளை. கருவிழி மேல் இமையைத் தொட்டபடி இருக்கணும். நாலு பக்கமும் வெள்ளை தெரிஞ்சா ஆள் பேயைப் பார்த்த மாதிரி ஆயிடுவார். ரெண்டு கண்ணையும் கொஞ்சம் ஒரு பக்கமா பார்க்க வெச்சா மாறுகண் பிரச்சினையும் வராது.

தோல் நிறத்துக்கு வெளிநாட்டுக் கையேட்டைத் தொடாதே. அதுல சொல்ற 'ஃபிளெஷ்' டப்பா நம்ம ஆளு தோல் இல்லை. பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், துளி அல்ட்ராமரைன் நீலம்: இந்த மூணும் போதும், ஃபெவிகிரில், கேம்லின் எதுவானாலும் சரி. நிழலுக்கு நீலத்தைக் கூட்டு, கறுப்பைச் சேர்க்காதே; முகம் புகைபிடிச்ச மாதிரி செத்துப்போகும். வெளிச்சம் படுற நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேட்டுக்கு ஆக்கரைக் கூட்டு, வெள்ளையைச் சேர்க்காதே. கரிய தோல்ல வெள்ளை சேர்ந்தா சாம்பல் பூத்துடும். உள்ளங்கையும் உதடும் தனி நிறம். சந்தேகம் வந்தா உன் கையையே ஜன்னல்கிட்ட நீட்டிப் பார், வயல்ல வேலை செஞ்சுட்டு வர்ற அப்பா கழுத்தைப் பார். எந்தப் புத்தகத்துலயும் அவ்வளவு சரியான வண்ண அட்டை கிடையாது.

சிவப்புக் கோட்டுக்கும் இதே நியாயம். வெள்ளை சேர்த்தா ரோஸ் ஆகும், ஆரஞ்சு சேர். மடிப்புக்கு கறுப்பு வேண்டாம், காபிப்பொடி நிறம் நீலம் கலந்து. பிரஷ் விஷயத்துல 000 வாங்கி ஏமாறாதே. கூர்முனை நல்லா நிக்கிற 1-ஆம் நம்பர் ஒண்ணு போதும், வண்ணத்தை அதிக நேரம் தாங்கும். வண்ணத்துல தகரப் பிடி வரைக்கும் முக்காதே, முடி விரிஞ்சிடும். பால் மாதிரி நீர்க்க, மூணு நாலு தடவை.

நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தனியா கவனம் வேணும். சித்திரை வைகாசியில தட்டுல ஊத்தின அக்ரிலிக் பிரஷ்ஷை எடுக்கிறதுக்குள்ள தோல் கட்டிடும். டிபன் பாக்ஸ் மூடியில நனைச்ச டிஷ்யூவை மடிச்சு வெச்சு, மேலே பட்டர் பேப்பரை விரிச்சு அதுமேல வண்ணத்தைக் கலக்கு. மூடி வெச்சா மறுநாள் காலையிலும் ஈரமா இருக்கும். ஐப்பசி கார்த்திகையில நிலைமை தலைகீழ். அடைமழையில ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதே. கல்வராயன் மலை மேல பனி மூடியிருந்த ஒரு வாரம், பொறுக்க முடியாம மாடிப்படியில வெச்சு அடிச்சேன். காலையில பார்த்தா உருவம் முழுக்க வெள்ளையா பூத்திருந்தது. ரெண்டு மாச உழைப்பு. காத்துல இருந்த ஈரம் வார்னிஷ்ல சிக்கினதுதான் காரணம். நல்ல வெயில் நாள்ல மறுபடி மெல்லிசா ஒரு கோட்டு அடிச்சப்போ பாதிக்கு மேல தெளிஞ்சது, முழுசா தெளியலை. அன்னியிலேர்ந்து மழை மாசத்துல கம்பி மடிப்பு, எம்-சீல் வேலை. தை பிறந்தப்புறம்தான் ஸ்பிரே. வண்டிக்கு அடிக்கிற பிரைமரைப் பிளாஸ்டிக் உருவத்துல அடிக்கிறதா இருந்தா, முதல்ல கிட் சட்டத்துல ஒரு துண்டுல அடிச்சுப் பார், சிலது பிளாஸ்டிக்கை இளக்கிடும்.

நிலத்துக்கு நம்ம மண்ணையே எடு. தியாகதுர்கம் அடிவாரத்துல ஒரு கைப்பிடி, இல்லை வெள்ளிமலை ரோட்டோரச் செம்மண். டீ வடிகட்டியில சலிச்சு, பழைய வாணலியில வறுத்து ஆறவை. ஈரமும் பூச்சியும் போயிடும். ஃபெவிகால் தடவித் தூவு. பாறைக்கு, உடைஞ்ச கருங்கல் ஜல்லியில கூரான சில்லு. பீடத்துக்கு மரச்சிற்பப் பட்டறையில கேட்டா துண்டுக் கட்டை தருவாங்க. வாகைக் கட்டையா கிடைச்சா சந்தோஷமா வாங்கிக்க, ஜெயிச்சவங்க சூடின பூ அந்த மரத்துலதான் பூக்குது. கோட்டை விழாம நின்னவருக்குப் பொருத்தம்.

ஒண்ணு செஞ்சு முடிச்சதும் அடுத்தவங்க செஞ்சதைப் பார்க்கக் கத்துக்க. மேலேர்ந்து குனிஞ்சு பார்க்காதே. உருவத்தை உன் கண்மட்டத்துக்கு உயர்த்து, இல்லை நீ குனி. முதல்ல பாதம், எடை எங்கே இறங்குது. அப்புறம் கை, கையில இருக்கிறது கனக்குதா. முகம் கடைசி. இப்படிப் பார்க்கிற பழக்கத்தை எனக்குக் கொடுத்தது நடுகற்கள். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் பல்லவர் கால நடுகற்கள் நிறைய. ஒரு கல்லுல ஒரு ஆள், வில்லோ வாளோ ஓங்கின கை, இடுப்புத் துணி, கொண்டை. அவ்வளவுதான், ஆனா ஒவ்வொருத்தரும் ஒரு குறிப்பிட்ட நாள்ல, பெரும்பாலும் மாடு பிடிக்க வந்தவங்களோட மோதிச் செத்த ஒரு குறிப்பிட்ட மனுஷன். எடுத்தனூர்ல ஒரு கல் இருக்கு, மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டு. வீரன் கருந்தேவக்கத்தியோட ஒரு நாயும் செதுக்கியிருக்கு. கோவிவன்னு அதுக்குப் பேர், ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு கல்வெட்டே சொல்லுது. 1,400 வருஷம் முன்னால அந்தச் சிற்பி நாயோட பேரைக்கூட விடலை. உன் பீடத்துல உருவத்துக்குக் கீழே எழுதும்போது அதை நினைச்சுக்க: 'சிப்பாய்'னு மட்டும் எழுதாதே, 'சென்னைப் படைச் சிப்பாய், தியாகதுர்கம், 1790'னு முழுசா எழுது.

இன்றைக்கு இருக்கிற பட்டாளத்து ஆளைச் செய்ய ஆசையா? உன் தெருவுலயே எக்ஸ்-சர்வீஸ்மேன் மாமா ஒருத்தர் இருப்பார். சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடிப்பாங்க, பூட்ஸ் கயிறு எப்படிப் போகும், மெடல் ரிப்பன் எந்த வரிசைன்னு அவரைக் கேளு. இன்டர்நெட்டுல தேடுறதை விட அது சரியா இருக்கும். செஞ்சு முடிச்சதும் அந்த உருவத்தைக் கொண்டுபோய் அவர் கையில கொடுத்துக் காட்டு.

தம்பி, தங்கச்சி, இந்த ஞாயித்துக்கிழமை காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னால தியாகதுர்கம் பஸ் பிடி. நோட்டு, பென்சில், அடி ஸ்கேல், தண்ணி பாட்டில், மண் எடுக்க ஒரு சின்ன டப்பா. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போ, பாறை வழுக்கும். மேலே போனதும் சுவரோரமா கொஞ்ச நேரம் காவல்காரர் மாதிரி நின்னு பார். எந்தக் கால்ல எடையைப் போட்டேன்னு கீழே இறங்குறதுக்கு முன்னால நோட்டுல குறிச்சுக்க.